லினக்ஸில் ஓடிய சி நிரல் விண்டோஸில் பில்ட் ஆகவில்லை என்றால் எங்கே தொடங்குவது?

தங்கச்சிமடத்துத் தம்பி ஒருவர் கேட்டது இது. விசைப்படகில் உள்ள ஜிபிஎஸ் கருவியிலிருந்து யூஎஸ்பி சீரியல் கேபிள் வழியாக இடத்தைப் படித்து, இந்திய-இலங்கைக் கடல் எல்லைக்கோட்டுக்கு எவ்வளவு தூரம் என்று கணக்கிட்டு, நெருங்கினால் மணி அடிக்கும் ஒரு சி நிரல். கல்லூரி சீனியர் ஒருவர் 2009 வாக்கில் உபுண்டுவில் எழுதியது. இப்போது படகுக்காரரிடம் இருப்பது விண்டோஸ் லேப்டாப். விண்டோஸில் ஜிசிசி கம்பைலரைத் தரும் எம்எஸ்ஒய்எஸ்2 தொகுப்பை நிறுவி மேக் கட்டளை கொடுத்ததும் திரை முழுக்க எரர். முதல் வரி, 'டெர்மியோஸ்.எச் என்ற கோப்பு இல்லை'. யாரோ சொன்னார்கள் என்று எரர் வரும் வரிகளை கமென்ட் செய்து, வார்னிங் எதுவும் வராதபடி -டபிள்யூ (சின்ன எழுத்து) ஆப்ஷனையும் போட்டிருக்கிறார். அப்படியும் ஆகவில்லை. "அண்ணே, மொத்தத்தையும் திரும்ப எழுதிரலாமா? தடைக்காலம் முடியிறதுக்குள்ள வேணும். அப்புறம் ராஸ்பெரி பையிலயும் ஓடணும்" என்கிறார்.

தம்பி, திரும்ப எழுத வேண்டாம். நீங்கள் அனுப்பிய கோப்புகளில் தூரக் கணக்கு, ஜிபிஎஸ் வரியை வெட்டிப் பிரிப்பது, வரி பிழையின்றி வந்ததா என்று காட்டும் செக்சம் எண்ணைப் பார்ப்பது எல்லாம் சுத்தமான சி. எந்த இயங்குதளத்திலும் அப்படியே கம்பைல் ஆகும். இயங்குதளத்தைத் தொடும் இடங்கள் நாலைந்துதான்: சீரியல் போர்ட், தூங்கிக் காத்திருப்பது, நேரம், கோப்பு. கை வைக்க வேண்டியது அவற்றில் மட்டும்.

ஆனால் அதற்கு முன், கமென்ட் செய்த வரிகளையெல்லாம் விட்டுவிட்டு சீனியர் கொடுத்த மூலக் கோப்புகளிலிருந்தே தொடங்குங்கள். -டபிள்யூவை எடுத்துவிடுங்கள். அதற்குப் பதிலாக வார்னிங்குகளைக் கூட்டிக் காட்டும் -டபிள்யூஆல், -டபிள்யூஎக்ஸ்ட்ரா இரண்டையும் போடுங்கள் (இவற்றில் டபிள்யூ பெரிய எழுத்து). இதை அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. பாட்டுப் பட்டியல் காட்டும் நிரல் தப்பாக ஓடினால் யாருக்கும் நட்டமில்லை. உங்களுடையது மணி அடிக்க வேண்டிய நேரத்தில் அடிக்காமல் போனால், படகும் அதில் இருக்கும் ஆட்களும் அந்தப் பக்கத்துச் சிறையில் இருப்பார்கள். நம் கரையில் அப்படி மாதக்கணக்கில் ஆள் வராத வீடுகள் எத்தனை என்று உங்களுக்கே தெரியும். தப்பாகக் கம்பைல் ஆவதைவிட இந்த நிரல் கம்பைல் ஆகாமலே கிடப்பது மேல்.

எரர் எத்தனை என்று எண்ண வேண்டாம். முதல் எரரை மட்டும் படியுங்கள். ஒரு ஹெடர் கிடைக்கவில்லை என்றால் அதற்குள் அறிவிக்கப்பட்ட வகைகள் எதுவும் கம்பைலருக்குத் தெரியாது. அந்த வகையில் அறிவித்த மாறிகள் தெரியாது. அந்த மாறிகள் வரும் ஒவ்வொரு வரியிலும் ஓர் எரர். சிக்கிய வலையைத் தலைப்பில் பிரிக்காமல் நடுவில் பிடித்து இழுத்தால் முடிச்சு கூடுமே தவிரக் குறையாது. நீங்கள் வரிவரியாக கமென்ட் செய்ததில் நடந்தது அதுதான். ஜிசிசிக்கு -டபிள்யூஃபேட்டல்-எரர்ஸ் என்று கொடுத்தால் முதல் எரரிலேயே நின்றுவிடும். மேக் கட்டளையில் -ஜே போட்டிருந்தால் அதையும் எடுங்கள். நாலு கோப்பு ஒரே நேரத்தில் கம்பைல் ஆகும்போது எந்த எரர் முதலில் வந்தது என்றே தெரியாது.

அடுத்தது, அந்த எரர் எந்தக் கட்டத்தில் வந்தது என்று பாருங்கள். 'கோப்பு இல்லை' என்பது, கம்பைலுக்கு முன் ஹெடர்களைச் சேர்க்கும் ப்ரீப்ராசஸர் சொல்வது. .சி கோப்பின் பெயரும் வரி எண்ணும் போட்டு வகை தெரியவில்லை, ஃபங்ஷன் அறிவிக்கப்படவில்லை என்று வந்தால் கம்பைலர். 'அன்டிஃபைன்ட் ரெஃபரன்ஸ்' என்று வந்து, கடைசியில் எல்டி தோற்றுவிட்டது என்று முடிந்தால், கம்பைல் ஆன துண்டுகளை லைப்ரரிகளோடு இணைக்கும் லிங்கர். லிங்கர் எரருக்கு ஹெடரைச் சேர்த்துப் பயனில்லை, கம்பைலர் எரருக்கு லைப்ரரியைச் சேர்த்துப் பயனில்லை. இந்த ஒன்று தெரியாமல்தான் பலர் ராத்திரி முழுக்க மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

இப்போது கொஞ்சம் சுற்றுவழி போலத் தோன்றும் ஒன்றைச் சொல்கிறேன், தயவுசெய்து தாண்டிப் போகாதீர்கள். விண்டோஸுக்குப் போவதற்கு முன்னால் இதே நிரலை இன்றைய லினக்ஸ் ஒன்றில், இன்றைய ஜிசிசியில் பில்ட் செய்யுங்கள். விண்டோஸுக்குள்ளேயே லினக்ஸ் ஓட்டும் டபிள்யூஎஸ்எல் போட்டுக்கொண்டாலும் போதும். உங்கள் பட்டியலில் பாதி எரர் விண்டோஸால் வந்ததில்லை, காலத்தால் வந்தது. 2009இல் ஜிசிசி எதையெல்லாம் பொறுத்துக்கொண்டதோ, அதையெல்லாம் இப்போது பொறுப்பதில்லை.

அறிவிக்காத ஃபங்ஷனை அழைப்பதை சி99 தரநிலையே நீக்கிவிட்டது. இருந்தாலும் கம்பைலர்கள் பல ஆண்டுகள் வெறும் வார்னிங்கோடு விட்டன. 2023இல் வந்த க்ளாங் கம்பைலரின் 16ஆம் பதிப்பு, 2024இல் வந்த ஜிசிசி 14 இரண்டும் அதை எரர் ஆக்கிவிட்டன. ஹெடருக்குள் ஒரு குளோபல் மாறியை எக்ஸ்டர்ன் இல்லாமல் எழுதி, அந்த ஹெடரை மூன்று கோப்புகளில் சேர்த்தால், பழைய ஜிசிசி மூன்றையும் ஒன்றாகச் சேர்த்துக்கொள்ளும். 2020இல் வந்த ஜிசிசி 10 முதல் 'மல்டிபிள் டெஃபனிஷன்' என்று லிங்கர் நிற்கும். உங்கள் சீனியர் பூல் என்ற வகையை டைப்டெஃப் போட்டுத் தானே உருவாக்கியிருக்கிறார். 2025இல் வந்த ஜிசிசி 15, நாம் எதுவும் சொல்லாவிட்டால் சி23 என்று எடுத்துக்கொள்கிறது. அதில் பூல் மொழியின் சொந்தச் சொல், அதை யாரும் மறுபடி உருவாக்க முடியாது. எம்எஸ்ஒய்எஸ்2 புதிய ஜிசிசியைத்தான் தரும் என்பதால் இவை எல்லாம் ஒரே நாளில் உங்கள் தலையில் விழுந்திருக்கின்றன.

இதற்குச் செய்ய வேண்டியது எளிது. மேக்ஃபைலில் -எஸ்டிடி=குனு11 என்று தெளிவாக எழுதுங்கள். குளோபல் மாறிகளுக்கு ஹெடரில் எக்ஸ்டர்ன் போட்டு, ஒரே ஒரு .சி கோப்பில் மட்டும் அசல் அறிவிப்பை வையுங்கள். பூல் டைப்டெஃபை எடுத்துவிட்டு எஸ்டிடிபூல்.எச் சேருங்கள். -எஸ்டிடி=சி99 என்று எழுதினால் போதாதா என்று கேட்கலாம். அதில் ஒரு பொறி உண்டு. குனு என்று சொல்லாமல் வெறும் சி99 என்றால், லினக்ஸின் ஹெடர்கள் சி தரநிலையில் இல்லாத எதையும் ஒளித்துவிடும். ஸ்ட்ர்டப் போன்ற அன்றாட ஃபங்ஷனே அறிவிக்கப்படாததாகிவிடும். பழைய கம்பைலரில் இது எப்படிக் கெடுக்கும் தெரியுமா? அறிவிக்காத ஃபங்ஷன் இன்ட் தரும் என்று கம்பைலர் நினைத்துக்கொள்ளும். ஸ்ட்ர்டப் தருவதோ 64 பிட் முகவரி. அதில் பாதி வெட்டுப்பட்டு, நிரல் வேறெங்கோ போய் விழும். ஜிசிசி 14 எரர் போட்டு நிறுத்துவதற்கு நாம் நன்றி சொல்ல வேண்டும்.

வெறும் சி99இலேயே இருந்தாக வேண்டுமென்றால், எல்லா ஹெடருக்கும் முன்னால் _போசிக்ஸ்_சி_சோர்ஸ் என்பதை 200809எல் என்று டிஃபைன் செய்யலாம். ஆனால் அதே வரியை ஃப்ரீபிஎஸ்டிக்கோ மேக்ஓஎஸ்ஸுக்கோ கொண்டுபோனால், அது எதிர்த்திசையில் வேலை செய்யும்: அங்கே வழக்கமாகத் தெரியும் பிஎஸ்டி ஃபங்ஷன்களை ஒளித்துவிடும். அதனால்தான் குனு11 என்று எழுதச் சொல்கிறேன்.

லினக்ஸில் ஒரு வார்னிங்கும் இல்லாமல் பில்ட் ஆனதும், அதே கோப்புகளை விண்டோஸுக்குக் கொண்டுவாருங்கள். இனி வருவது மட்டுமே உண்மையான விண்டோஸ் எரர்.

டெர்மியோஸ்.எச் அதில் முதலாவது. விண்டோஸில் அப்படி ஒன்று கிடையாது. டெர்மினலையும் சீரியல் போர்ட்டையும் கையாளும் அந்த முறை யூனிக்ஸ் குடும்பத்துக்கு உரியது. யூனிஸ்டிடி.எச் மட்டும் கிடைத்ததே என்று கேட்டிருந்தீர்கள். எம்எஸ்ஒய்எஸ்2இல் உள்ள, நேரடி விண்டோஸ் நிரல் உருவாக்கும் கம்பைலர் தொகுப்பான மிங்டபிள்யூ அதை ஓரளவுக்கு வசதியாகக் கொடுத்திருக்கிறது, அவ்வளவுதான். அதைப் பார்த்து மீதி எல்லாம் இருக்கும் என்று நம்பக்கூடாது.

இங்கே ஒரு குறுக்குவழி இருப்பதைச் சொல்லாவிட்டால் தப்பு. எம்எஸ்ஒய்எஸ்2 நிறுவும்போது பல ஷெல்கள் சேர்ந்து வரும். ஜிசிசி -டம்ப்மெஷின் என்று தட்டிப் பாருங்கள். மிங்டபிள்யூ32 என்று முடிந்தால் அது நேரடி விண்டோஸ் நிரலை உருவாக்கும், டெர்மியோஸ் கிடையாது. எம்எஸ்ஒய்எஸ் அல்லது சிக்வின் என்று முடிந்தால் அது போசிக்ஸ் (யூனிக்ஸ் குடும்பத்தின் பொதுத் தரநிலை) போல நடிக்கும் ஓர் அடுக்கின் மேல் ஓடும் நிரலை உருவாக்கும், அங்கே டெர்மியோஸ்.எச் உண்டு, உங்கள் நிரல் கிட்டத்தட்ட அப்படியே பில்ட் ஆகிவிடும். அதன் டிஎல்எல் கோப்பையும் கூடவே எடுத்துப் போக வேண்டும். விண்டோஸ் காம்1 என்று அழைக்கும் சீரியல் போர்ட் சிக்வினில் /டெவ்/டிடிஒய்எஸ்0; ஆக காம்3 என்றால் /டெவ்/டிடிஒய்எஸ்2. ஓர் எண் குறைத்துக் கொடுக்க வேண்டும் என்பதை மறந்துவிட்டு 'போர்ட் திறக்கவில்லை' என்று தேடாதீர்கள். தடைக்காலம் முடியும் ஜூன் 14 நெருங்கிவிட்டது, எப்படியாவது ஓட வேண்டும் என்றால் இந்த வழியில் போங்கள், தவறில்லை. நாள் இருக்கிறது என்றால் நேர்வழிதான் நல்லது. டபிள்யூஎஸ்எல்லில் பில்ட் ஆகிறதே, அங்கேயே ஓட்டலாமே என்றால், டபிள்யூஎஸ்எல்2 யூஎஸ்பி கருவிகளைத் தானாகப் பார்க்காது. அதற்குத் தனியாக ஒரு கருவியைப் போட்டு ஒவ்வொரு முறையும் இணைக்க வேண்டும். படகுக்காரரிடம் அதைச் செய்யச் சொல்ல முடியாது.

நேர்வழி இதுதான். சீரியல் போர்ட்டுக்கு ஒரே ஒரு ஹெடர் எழுதுங்கள். திற, ஒரு வரி படி, மூடு. இந்த மூன்று ஃபங்ஷன் மட்டும். அதற்குள் எந்த இயங்குதளத்தின் வகையும் எட்டிப் பார்க்கக்கூடாது. அந்த மூன்றையும் இரண்டு .சி கோப்புகளில் எழுதுங்கள். ஒன்றில் சீனியர் எழுதிய டெர்மியோஸ் பகுதி அப்படியே போகும். இன்னொன்றில் விண்டோஸின் க்ரியேட்ஃபைல், செட்காம்ஸ்டேட், ரீட்ஃபைல். எந்தக் கோப்பைக் கம்பைல் செய்வது என்று மேக்ஃபைல் முடிவு செய்யட்டும். பலர் செய்வது போல நிரல் முழுக்க, பத்து வரிக்கு ஒருமுறை 'விண்டோஸ் என்றால் இது, இல்லாவிட்டால் அது' என்று இஃப்டெஃப் தெளிக்காதீர்கள். அப்படி எழுதிய நிரலில் எந்த வரி எங்கே உயிரோடு இருக்கிறது என்று எழுதியவருக்கே ஆறு மாதத்தில் தெரியாது. தவிர்க்க முடியாத இடத்தில் இஃப்டெஃப் போட்டால், இயங்குதளத்தின் பெயரைக் கேட்பதைவிட வசதி இருக்கிறதா என்று கேளுங்கள். மேக்ஓஎஸ் யூனிக்ஸ்தான், ஆனாலும் அங்கே __யூனிக்ஸ்__ டிஃபைன் ஆகியிருக்காது. பெயரை நம்பி எழுதினால் இப்படி ஏமாறுவோம்.

விண்டோஸ் பகுதியில் மூன்று இடங்களில் கவனம் வேண்டும். போர்ட்டின் பெயர் காம்9 வரை அப்படியே கொடுக்கலாம். காம்10இலிருந்து இரண்டு பின்சாய்கோடு, ஒரு புள்ளி, மறுபடி ஒரு பின்சாய்கோடு, அதன் பிறகு காம்10 என்று கொடுக்க வேண்டும். சி சரத்துக்குள் எழுதும்போது ஒவ்வொரு பின்சாய்கோடும் இரட்டிப்பாகும். கேபிளை வேறு வேறு ஓட்டையில் மாற்றிச் செருகினால் காம் எண் ஏறிக்கொண்டே போவதுண்டு என்பதால் இது வெறும் ஏட்டுக்கணக்கு இல்லை. எப்போதும் நீளமான வடிவத்திலேயே எழுதிவிடுங்கள், ஒற்றை இலக்கத்துக்கும் அது செல்லும். இரண்டாவது, டைம்அவுட்டை நீங்களே அமைக்க வேண்டும். அமைக்காமல் விட்டால், கேட்ட பைட்டுகள் முழுக்க வரும்வரை ரீட்ஃபைல் நகராமல் நிற்கக்கூடும். மூன்றாவதுதான் பெரியது.

படகுக் கருவிகள் தகவல் அனுப்பும் என்எம்இஏ 0183 தரத்தில் ஜிபிஎஸ் கருவி நொடிக்கு 4800 பிட் வேகத்தில் எழுத்துகளை அனுப்புகிறது. டாலர் குறியில் தொடங்கி, நட்சத்திரம், செக்சம், வரி முடிவு என்று ஒவ்வொரு வாக்கியமும் வரும். லினக்ஸில் சீனியர் போர்ட்டைக் கேனானிக்கல் முறையில் வைத்திருக்கிறார். அந்த முறையில் ஒரு முழு வரி சேரும்வரை கெர்னல் காத்திருந்து, வரியாகவே கொடுக்கும். அதனால் அவர் ஒருமுறை ரீட் அழைத்து, வந்ததை அப்படியே ஒரு வாக்கியம் என்று எடுத்துக்கொண்டிருக்கிறார். லினக்ஸில் அது சரி. விண்டோஸின் சீரியல் போர்ட்டில் அப்படி ஒரு முறையே இல்லை. ஒரு ரீட்ஃபைலில் டாலர் ஜிபிஆர்எம்சி, அதற்கு அடுத்து நேரத்தின் பாதி என்று மட்டும் வரலாம். மீதி அடுத்த அழைப்பில் வரும். செக்சம் பொருந்தாது, நிரல் அந்த வாக்கியத்தைத் தூக்கி எறியும், திரையில் இடம் மாறாமல் அப்படியே நிற்கும். பில்ட் முழுசாக ஆன பிறகு வரும் கோளாறு இது. ஆகவே விண்டோஸ் பகுதியில் வரும் பைட்டுகளை ஒரு பஃபரில் சேர்த்து, வரி முடிவு கண்ட பிறகே மேலே கொடுங்கள். 'ஒரு வரி படி' என்று ஃபங்ஷனுக்குப் பெயர் வைக்கச் சொன்னது இதற்காகத்தான்.

யூஸ்லீப் எரர் வந்தால் விண்டோஸின் ஸ்லீப் இருக்கிறது. ஆனால் யூஸ்லீப்புக்கு மைக்ரோ நொடி, ஸ்லீப்புக்கு மில்லி நொடி. பெயரை மட்டும் மாற்றினால் அரை நொடி காத்திருக்க வேண்டியது எட்டு நிமிடத்துக்கு மேல் போய்விடும். ஸ்ட்ர்கேஸ்கம்ப்புக்கு ஸ்ட்ரிங்ஸ்.எச் சேர்த்தால் மிங்டபிள்யூவில் போதும். மைக்ரோசாஃப்ட் கம்பைலர் என்றால் _ஸ்ட்ரிகம்ப்.

டைம்ஜிஎம் தெரியவில்லை என்ற எரருக்கு நீங்கள் எம்கேடைம் என்று மாற்றியிருக்கிறீர்கள். எரர் போய்விட்டது, இல்லையா? ஜிபிஎஸ் தருவது யூடிசி என்ற உலகப் பொது நேரம். எம்கேடைம் அதை இந்திய நேரம் என்று எடுத்துக்கொள்ளும். உங்கள் பதிவில் எல்லா நேரமும் 5 மணி 30 நிமிடம் பின்னுக்குப் போயிருக்கும். படகு எப்போது எங்கே இருந்தது என்று நாளை ஒருவர் கேட்டால், இந்தப் பதிவைத்தான் காட்டுவீர்கள். விண்டோஸில் அதன் சரியான இணை _எம்கேஜிஎம்டைம். எரரைப் போக்குவதும் கோளாறைப் போக்குவதும் வேறு வேறு என்பதற்கு உங்கள் நிரலிலேயே இது ஒன்று.

இதைவிடப் பெரியது இன்னொன்று. அதற்கு எரரே வரவில்லை. சீனியர் அட்சரேகை, தீர்க்கரேகை இரண்டையும் 10 கோடியால் பெருக்கி முழு எண்ணாக வைத்திருக்கிறார். கணக்கை 64 பிட்டில் செய்து, விடையை லாங் மாறியில் போடுகிறார். 64 பிட் லினக்ஸில் லாங் என்றால் 64 பிட். 64 பிட் விண்டோஸில் லாங் இன்னும் 32 பிட்தான். அதில் கொள்ளும் மிகப்பெரிய எண் 214 கோடியே 74 லட்சத்துச் சொச்சம். பாம்பன் பக்கம் நிற்கும் படகை எடுத்துக்கொள்ளுங்கள். அட்சரேகை 9.28 பாகை, பெருக்கினால் 92 கோடியே 80 லட்சம். உள்ளே அடங்கிவிடும், சரியாகவே தெரியும். தீர்க்கரேகை 79.2, பெருக்கினால் 792 கோடி. அடங்காது. மேல் பிட்டுகள் வெட்டுப்பட்டு மைனஸ் 66 கோடியே 99 லட்சத்துச் சொச்சமாக மாறும். அதாவது மேற்குத் தீர்க்கரேகை 6.70 பாகை. பாம்பன் படகு ஆப்பிரிக்காவில் ஐவரி கோஸ்ட் நாட்டின் வடக்கே தரையில் நிற்கிறது என்று நிரல் நம்பும். எல்லைக்கோடு ஆயிரக்கணக்கான கிலோமீட்டருக்கு அப்பால் என்று கணக்கு வரும். மணி எந்தக் காலத்திலும் அடிக்காது.

இரண்டு எண்ணில் ஒன்று சரியாக இருப்பதுதான் இதில் மோசம். திரையில் ஒன்பது பாகையைப் பார்த்ததும் எல்லாம் சரி என்று விட்டுவிடத் தோன்றும். -டபிள்யூஆல் கூட இதற்கு வாய் திறக்காது. -டபிள்யூகன்வெர்ஷன் போட்டால்தான் சொல்லும். கூடவே தேவையில்லாத நூறு வார்னிங்கும் சொல்லும், ஆனாலும் ஒருமுறை பொறுமையாகப் படித்துவிடுங்கள். நிரலில் லாங் என்று எழுதிய ஒவ்வோர் இடத்தையும் தேடி, எத்தனை பிட் வேண்டும் என்று முடிவு செய்து, எஸ்டிடிஇன்ட்.எச்சின் இன்ட்32_டி அல்லது இன்ட்64_டி ஆக மாற்றுங்கள். அச்சிடும் இடத்தில் %எல்டி என்பதை இன்ட்டைப்ஸ்.எச் தரும் பிஆர்ஐடி64 கொண்டு மாற்றுங்கள். சிக்வின் வழியில் பில்ட் செய்தால் லாங் 64 பிட்டாகவே இருக்கும் என்பதால் இந்தக் கோளாறு தலைகாட்டாது. பிறகு ஒருநாள் நேர்வழிக்கு மாறும்போது வரும். எனவே எந்த வழியில் போனாலும் இதை இப்போதே திருத்திவிடுங்கள். வேறு எதையும் செய்யாவிட்டாலும் இதைச் செய்யுங்கள் தம்பி.

லிங்கருக்கு வருவோம். இங்கே அதிகம் இல்லை. சைன், ஸ்கொயர் ரூட் போன்றவைக்கு லினக்ஸிலும் ஃப்ரீபிஎஸ்டியிலும் -எல்எம் வேண்டும். விண்டோஸில் இல்லாமலும் நடக்கும், இருந்தாலும் கெடாது, வைத்துவிடுங்கள். லைப்ரரிகள் எப்போதும் .ஓ கோப்புகளுக்குப் பின்னால் வர வேண்டும். லிங்கர் இடமிருந்து வலமாகப் படிக்கும். யாரும் கேட்காத லைப்ரரியை முதலில் பார்த்தால் எடுக்காமல் கடந்துவிடும். பின்னாளில் இடத்தை நெட்வொர்க் வழியே கரைக்கு அனுப்ப நினைத்தால் விண்டோஸில் -எல்டபிள்யூஎஸ்2_32 சேர்க்க வேண்டும், வின்சாக்2.எச்சை விண்டோஸ்.எச்சுக்கு முன்னால் சேர்க்க வேண்டும்.

கோப்புப் பெயரில் பெரிய எழுத்து சின்ன எழுத்து ஒன்றுபோல் இருக்கட்டும். விண்டோஸ் விட்டுவிடும், லினக்ஸ் விடாது. மேக்ஃபைலில் கட்டளை வரிகள் டேப்பில் தொடங்க வேண்டும். வாட்ஸ்அப்பில் காப்பி செய்து அனுப்பினால் டேப் ஸ்பேஸாகிவிடும், ஜிப் போட்டு அனுப்புங்கள். விண்டோஸ் எடிட்டரில் சேமித்த ஷெல் ஸ்கிரிப்ட் லினக்ஸில் ஓட மறுத்தால், வரி முடிவில் ஒட்டியிருக்கும் சிஆர் எழுத்தை முதலில் சந்தேகப்படுங்கள்.

கோப்பு திறக்கும் இடங்களில் ஆர், டபிள்யூ என்று மட்டும் இருக்கிறது. எக்கோ சவுண்டரின் ஆழப் பதிவு பைனரி கோப்பு என்றீர்கள். விண்டோஸில் அதை டெக்ஸ்ட் முறையில் திறந்தால், உள்ளே 26 என்ற மதிப்புள்ள பைட் வந்த இடத்தில் கோப்பு முடிந்துவிட்டது என்று நின்றுவிடும். ஆர்பி, டபிள்யூபி என்று மாற்றுங்கள். லினக்ஸ் அந்த 'பி'யைக் கண்டுகொள்ளாது, ஆகவே எல்லா இயங்குதளத்துக்கும் ஒரே வரி போதும்.

ராஸ்பெரி பை லினக்ஸ்தான், டெர்மியோஸ் உள்ள .சி கோப்பு அப்படியே செல்லும். ஆனால் சில்லு ஆர்ம். ஆர்ம் லினக்ஸில் வெறும் சார் என்பது குறியற்றது, அதாவது மைனஸ் எண் கொள்ளாது; இன்டெல்லில் குறியுள்ளது. சீனியர் பதிவைப் படிக்கும் லூப்பில் கெட்சார் வகை ஃபங்ஷனின் விடையை சார் மாறியில் வாங்கி, கோப்பு முடிந்ததைச் சொல்லும் ஈஓஎஃப் (மைனஸ் ஒன்று) உடன் ஒப்பிடுகிறார். பையில் அந்த மாறி ஒருநாளும் மைனஸ் ஒன்று ஆகாது. லூப் முடியவே முடியாது. இன்ட் மாறியில் வாங்குங்கள். 'இந்த ஒப்பீடு எப்போதும் உண்மை' என்று -டபிள்யூஎக்ஸ்ட்ரா பையில் எச்சரிக்கும். நீங்கள் போட்டிருந்த -டபிள்யூ அந்த எச்சரிக்கையைத்தான் தின்றிருக்கும்.

எல்லாம் பில்ட் ஆன பிறகு நேராகக் கடலுக்குக் கொண்டுபோக வேண்டாம். பழைய உபுண்டு லேப்டாப் இன்னும் இருக்கிறது என்றீர்களே, அதில் ஜிபிஎஸ் வாக்கியங்களை ஒரு கோப்பில் சேமியுங்கள். பாம்பன் பாலத்தருகே ஒன்று, மண்டபம் பக்கம் ஒன்று, தனுஷ்கோடி முனையில் ஒன்று. பாம்பனில் வாக்கியத்துக்குள் 0916.8 என்பது போல வரும்; அது 9 பாகை 16.8 கலை, அதாவது 9.28 பாகை. 9.168 என்று படித்தால் ஆறு கடல் மைலுக்கு மேல் பிசகும். 1974 உடன்பாட்டில் பாக் நீரிணையின் கோட்டைக் குறித்த புள்ளிகளும் பாகை, கலையில்தான் உள்ளன. உங்கள் அட்டவணையில் அவை சரியாக மாற்றப்பட்டிருக்கின்றனவா என்று கையால் கணக்கிட்டுப் பாருங்கள். மன்னார் வளைகுடாப் பக்கக் கோடு 1976 உடன்பாட்டில் வருகிறது, அந்தப் புள்ளிகள் உங்கள் அட்டவணையில் இல்லை. தனுஷ்கோடிக்குத் தெற்கே தொழிலுக்குப் போகும் படகு என்றால் அதையும் சேர்க்க வேண்டும்.

சேமித்த கோப்பை உபுண்டு, விண்டோஸ், பை மூன்றிலும் கொடுத்து, வரும் விடைகளை, வேறுபாடு காட்டும் டிஃப் கட்டளையில் ஒப்பிடுங்கள். ஒரு எழுத்துகூட மாறக்கூடாது. தூரத்தின் கடைசி தசம இடத்தில் மட்டும் மாறினால் கணித லைப்ரரியின் வேறுபாடாக இருக்கும், அதை விடலாம். கோட்டுக்கு மிக அருகில் உள்ள ஓர் இடத்தைக் கையால் எழுதி ஊட்டி, மணி அடிக்கிறதா என்று கரையிலேயே கேளுங்கள். கேபிளைப் பாதியில் பிடுங்கிப் பாருங்கள். வாக்கியம் வராவிட்டால் பழைய இடத்தையே காட்டிக்கொண்டிருக்காமல் அதற்கும் மணி அடிக்க வேண்டும். இது பழைய நிரலிலும் இல்லை, நீங்கள் சேர்க்க வேண்டும். முதல் சில பாடுகளுக்குப் படகில் உள்ள ஜிபிஎஸ் திரையையே நம்பச் சொல்லுங்கள், லேப்டாப் பக்கத்தில் ஓடட்டும்.

இவ்வளவுக்குப் பிறகும் பில்ட் எங்காவது நின்றால், முழுத் திரையையும் போட்டோ எடுத்து அனுப்ப வேண்டாம். முதல் எரரின் வரி, ஜிசிசி -டம்ப்மெஷின் சொல்வது, மேக்ஃபைல், இந்த மூன்றையும் எழுத்தாக அனுப்புங்கள், பார்த்துச் சொல்கிறேன்.